பிரிட்டனி, மோர்வான், மில்வாஷ்: ஒரு வார கிராவல் பயணத்துக்கு எந்த நீர்க்கரை?

கையில் ஒரு வார விடுமுறை இருக்கிறது. அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் இருக்கிறது. கார் சத்தம் காதில் விழாத பிரெஞ்சுக் கிராமப்புறத்தில், பக்கத்தில் ஓர் ஆறோ ஏரியோ துணைக்கு இருக்க, தார் சாலையை முடிந்தவரை தொடாமல் ஓட்ட வேண்டும். எங்கே போவது என்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடம் சொல்வார்கள். அதில் ஐந்து பேராவது லுவார் ஆற்றங்கரை என்பார்கள். அந்த ஐவர் பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம்.

லுவார் கரையோர சைக்கிள் தடம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளம். அழகில் குறை சொல்ல முடியாது, அரண்மனைகள் வரிசையாக வரும். ஆனால் அது பெரும்பாலும் தார் பாதையும் சிறு கிராமச் சாலைகளுமாகச் செல்வது. ஜூலை, ஆகஸ்டில் குழந்தை வண்டி இழுத்துச் செல்லும் குடும்பங்கள் முன்னும் பின்னும் வரும். அமைதியும் சரளையும் தேடுகிறவருக்கு அங்கே இரண்டுமே குறைவு.

தெற்கே தூலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை செல்லும் மிதி கால்வாய் அடுத்த பிரபலம். 1681-இல் திறக்கப்பட்டது, 240 கிலோமீட்டர், 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. படத்தில் பார்க்கும் பிளேன் மர நிழலை நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2006-இல் அங்கே கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டுவிட்டன. புதுக்கன்றுகள் நட்டிருக்கிறார்கள், நிழல் தர வருடங்கள் ஆகும். தூலூஸிலிருந்து கிளம்பும் பகுதி வழுவழுப்பான தார், அதைத் தாண்டினால் வேர் முண்டும் ஒற்றையடிப் பாதை. மழை பெய்தால் களிமண். ஜூலை வெயிலில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதாக ஒதுக்குவது பிரென் பகுதி. இதைச் சற்று வருத்தத்தோடுதான் ஒதுக்குகிறேன். ‘ஆயிரம் குளங்களின் நாடு’ என்று பெயர் பெற்றது. இடைக்காலத்தில் மடத்துத் துறவிகள் மீன் வளர்ப்பதற்காகக் கரை போட்டுத் தேக்கியவை அந்தக் குளங்கள். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழியும்படி, நம்மூர்ச் சங்கிலித் தொடர் கண்மாய்களைப் போலவே அமைத்திருக்கிறார்கள். பறவை பார்க்க அதைவிடச் சிறந்த இடம் நடு பிரான்சில் இல்லை. ஆனால் குளங்களில் பெரும்பாலானவை தனியார் சொத்து. வரைபடத்தில் ஆசை காட்டும் மண் பாதை ஒரு சங்கிலியிலோ கம்பிக் கதவிலோ போய் முடியும். அதற்கு வடக்கே உள்ள சொலோஞ் காட்டிலும் இதே கதைதான். 2023 பிப்ரவரியில் வந்த ஒரு சட்டம் வன விலங்குகளை அடைத்துவைக்கும் வேலிகளைக் கட்டுப்படுத்தியது. அதே சட்டம், தனியார் காடு என்று பலகை வைத்த இடத்துக்குள் நுழைவதை அபராதத்துக்குரிய குற்றமாகவும் ஆக்கியது. வேலி போகும், பலகை வரும் என்ற கணக்கு. கிராவல் ஓட்டுகிறவர் இனி அந்தப் பக்கங்களில் பலகையைக் கவனித்து ஓட்ட வேண்டும்.

ஆக மிஞ்சுவது மூன்று. பிரிட்டனியில் நான்ட்–பிரெஸ்ட் கால்வாய், பர்கண்டியில் மோர்வான் மலைக்காடும் அதை ஒட்டிய நிவெர்னே கால்வாயும், லிமூசன் பகுதியில் மில்வாஷ் பீடபூமி.

தண்ணீர் எதற்காக அங்கே நிற்கிறது?

பயணத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கிலோமீட்டரையும் ஏற்றத்தையும் பார்ப்பார்கள். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த மூன்று பகுதிகளும் தேய்ந்துபோன பழைய பாறை நிலங்கள். ஆல்ப்ஸிலும் ஜூராவிலும் பனியாறுகள் குடைந்து வைத்ததைப் போன்ற பெரிய இயற்கை ஏரிகள் இங்கே கிடையாது. நீங்கள் கரையில் உட்கார்ந்து ரசிக்கப்போகும் பெரிய ஏரி ஒவ்வொன்றும் யாரோ ஒரு காரியத்துக்காக அணை கட்டித் தேக்கியது. கால்வாயும் அப்படித்தான். அந்தக் காரியம் என்ன என்று தெரிந்தால், பாதை மட்டமா மேடா, எந்த மாதத்தில் ஏரி நிறைந்திருக்கும், எப்போது சேறாகக் கிடக்கும் என்பதைப் பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

கால்வாய் வெட்டியவனால் தண்ணீரை மலை ஏற்ற முடியாது. ஆகவே அவன் கரை எப்போதும் மட்டமாகத்தான் போகும், படகை ஏற்றி இறக்கும் மதகு வரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மீட்டர் துள்ளும். மின்சாரத்துக்கு அணை கட்டியவன் குறுகிய பள்ளத்தாக்கைத் தேடிப் போவான். ஆகவே அந்த ஏரியின் கரை செங்குத்தாக, விரல் விட்டாற்போல் பிளவுபட்டு இருக்கும். சுற்றி வர நினைத்தால் தொடை பதில் சொல்ல வேண்டும். கால்வாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இருக்கிறதே, அதுதான் கிராவல் ஓட்டுகிறவனுக்குக் கிடைத்த புதையல். மலைச்சரிவை அணைத்தபடி, கண்ணுக்கே தெரியாத சரிவில், வளைந்து வளைந்து போகும். காருக்கு அங்கே வேலையில்லை. சுற்றுலாப் பயணிகள் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். பிரிட்டனியிலும் மோர்வானிலும் அப்படி ஒவ்வொன்று இருக்கிறது.

பிரிட்டனி: வழி தவறவே முடியாத பாதை

நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை முற்றுகையிட்டு வைத்திருந்தது. கடல் வழி அடைபட்டால் உள்நாட்டு வழியாகப் படகு விடுவோம் என்று நான்ட் நகரிலிருந்து பிரெஸ்ட் வரை கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 1811-இல் ஆரம்பித்த வேலை 1842-இல்தான் முடிந்தது. அதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. சுமார் 360 கிலோமீட்டர் நீளத்துக்கு, 230-க்கும் மேற்பட்ட மதகுகளோடு ஒரு நீர்வழி மட்டும் மிஞ்சியது. படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதை இன்று சைக்கிள் பாதை. இறுகிய மணல் தரை, இரண்டு பேர் பேசிக்கொண்டே ஓட்டும் அகலம்.

இதன் பெரிய பலம் எளிமை. வரைபடம் தேவையில்லை, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். முதல் முறையாகப் பை கட்டி நீண்ட பயணம் போகிறவர், பதின்ம வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர், முழங்கால் வலி உள்ளவர் ஆகியோருக்கு நான் வேறு இடம் சொல்லவே மாட்டேன். ஜோஸ்லன் ஊரில் ஓஸ்ட் ஆற்றிலிருந்து நேராக எழும் கோட்டை மதில், மலெஸ்த்ருவாவின் பழைய வீடுகள், போன்திவியின் அரண் என்று நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க நல்ல ஊர்கள் உண்டு. பன்றி இறைச்சி வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், கோதுமை கலக்காத கறுப்புத் தானிய மாவில் சுட்ட முட்டை, பாலாடைக்கட்டி அடை எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். மரக்கறி உண்பவருக்கு மூன்று பகுதிகளிலும் இதுதான் சுலபமானது.

பலவீனமும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. கால்வாய்க் கரை அலுக்கும். முதல் நாள் சொர்க்கம், மூன்றாம் நாள் மதகு எண்ணத் தொடங்கிவிடுவோம். ரொஹானுக்கும் போன்திவிக்கும் நடுவே ஐம்பதுக்கும் மேற்பட்ட மதகுகள் அடுக்கி வைத்தாற்போல் வரும்போது எண்ணுவதும் கஷ்டம். வலப்பக்கம் மரம், இடப்பக்கம் தண்ணீர், எதிரே நேர்கோடு. கிராவல் சைக்கிள் வாங்கியதே காட்டுப் பாதையில் கொஞ்சம் உதறல் வேண்டும் என்றுதானே என்று கேட்கிறவருக்கு இங்கே பதில் கிடையாது. அந்த உதறல் வேண்டுமானால் கால்வாயை விட்டு விலக வேண்டும்.

விலகத் தக்க இடம் குர்லெதான் ஏரி. 1923-க்கும் 1930-க்கும் இடையில் பிளாவே ஆற்றின் குறுக்கே மின்சார அணை கட்டினார்கள். 17 மதகுகளும் அவற்றின் காவலர் வீடுகளும் தண்ணீருக்குள் போயின. நான்டிலிருந்து பிரெஸ்டுக்குப் படகில் போகும் வழி அன்றோடு அறுந்தது. 2015-இல் பழுது பார்க்க ஏரியை முழுவதும் வடித்தபோது, சேற்றுக்கு நடுவில் நின்ற அந்த மதகுகளையும் பட்டுப்போன மரங்களையும் பார்க்க நாடெங்கிலும் இருந்து கூட்டம் கூடியது. ஏரியின் வடகரையில் கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்று சைக்கிள் பாதையாக இருக்கிறது. ரயில் ஏறிய சரிவு என்பதால் சுலபம். தென்கரையில் கெனெகான் காடு. அங்கேதான் உண்மையான கிராவல் இருக்கிறது: செங்குத்தான சிறு ஏற்றங்கள், ஓக் மரங்களுக்கு நடுவே கற்கள் உருளும் இறக்கங்கள், காட்டுக்குள் பழைய இரும்பு உலைத் தொழிலாளர்களின் குடியிருப்பு. வடகரையில் போய்த் தென்கரையில் திரும்பினால் ஒரு நாள் நிறைந்துவிடும். மாலையில் கால் மிச்சம் இருந்தால் பக்கத்திலேயே மூர்-த-பிரெத்தாஞ் ஏற்றம் இருக்கிறது. டூர் த பிரான்ஸ் பந்தயம் அடிக்கடி வந்து முடியும் மேடு அது. 2011-இல் காடெல் எவான்ஸ், 2021-இல் வான் டெர் பூல் ஜெயித்த இடம். பை கட்டிய சைக்கிளில் அதை ஏறிப் பார்ப்பது ஒரு வீம்பு, அவ்வளவுதான்.

இன்னொரு விலகல் இல்வேர்ன் வரத்துக்கால். பொமெலேயாக் நீர்த்தேக்கத்திலிருந்து, ரொஹானுக்கும் போன்திவிக்கும் நடுவே கால்வாய் ஏறி இறங்கும் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் கொண்டுவர 19-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பறவை பறக்கும் தூரத்தில் இருபது கிலோமீட்டர்தான். மட்டம் குலையாமல் இருக்க மேட்டையெல்லாம் சுற்றிப் போனதில் அறுபதைத் தாண்டிவிட்டது. இன்று அதில் தண்ணீர் ஓடுவதில்லை. பல இடங்களில் கரைமேல் ஓட்டலாம், சில இடங்களில் புல் மூடிக் கிடக்கும். முழுவதையும் ஓட்டித் தீர்க்கத் தேவையில்லை. கால்வாய் அலுத்துப்போன நாளில் ஒரு காலைப்பொழுது இதற்கு ஒதுக்கலாம்.

திசை பற்றி ஒரு வார்த்தை. அட்லாண்டிக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். கால்வாய்க் கரையில் தலையைக் குனிய ஒரு மறைப்பும் இல்லாத நேர்ப் பகுதிகள் உண்டு. பாதிப்பேர் நான்டில் தொடங்கி மேற்கே போகிறார்கள், எதிர்காற்றில் முனகுகிறார்கள். கேங்காம் வரை வேக ரயிலில் வந்து, அங்கிருந்து சிறு ரயிலில் கரே ஊருக்குப் போய், கிழக்கு நோக்கி ஓட்டுவதுதான் புத்தி. கரேயிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் குளொமெல் வெட்டுப்பள்ளம் வரும். கால்வாயின் மிக உயரமான இடம், கடல்மட்டத்திலிருந்து 184 மீட்டர். பிரெஸ்ட் சிறையிலிருந்து கொண்டுவந்த கைதிகள் மண்வெட்டியால் வெட்டிய பள்ளம் அது. அங்கிருந்து நான்ட் வரை சுமார் 280 கிலோமீட்டர், மொத்தத்தில் இறக்கம்.

மோர்வான்: மேடும் மட்டமும் ஒரே வாரத்தில்

பாரிஸுக்குத் தென்கிழக்கே, பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கருங்கல் தீவு போல நிற்கும் மலைக்காடு மோர்வான். மிக உயரமான இடம் ஓ-ஃபொலன், 901 மீட்டர். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் அந்த உயரத்தைத் தினமும் மூன்று நான்கு தவணையாக ஏற வைப்பதுதான் இதன் குணம். ஆறு பெரிய ஏரிகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் வெவ்வேறு பள்ளத்தாக்குகளில் கிடப்பதால் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக அநேகமாக ஒரு முகடு தாண்ட வேண்டியிருக்கும்.

இங்கே தண்ணீருக்கு இருந்த முதல் வேலை விறகு சுமப்பது. 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கி முந்நூறு வருடங்களுக்கு மேல் பாரிஸின் அடுப்புகளும் கணப்புகளும் எரிந்தது மோர்வான் விறகில். காட்டில் வெட்டிய கட்டைகளின் முனையில் உடைமையாளர் முத்திரையைச் சுத்தியலால் பதித்து ஓடையில் தள்ளுவார்கள். மேலே சிறு குளங்களில் தேக்கிய நீரைத் திறந்துவிட்டால் ஓடை பெருகும், கட்டைகள் உருண்டு புரண்டு கீழே போகும். கிளம்சி ஊரில் அவற்றைப் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, நீண்ட தெப்பங்களாகக் கட்டி யோன், சேன் ஆறுகள் வழியே பாரிஸுக்கு ஓட்டிப் போவார்கள். கிளம்சியின் பாலத்தில் தெப்பக்காரன் ஒருவனின் சிலை இன்றும் நிற்கிறது. செத்தோன் ஏரி இந்த வேலைக்காக 1850-களில் கூர் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையில் தேங்கியது. பன்னெசியேர் ஏரியின் கதை வேறு. 1949-இல் கட்டி முடித்த அந்த அணை யோன் ஆற்றின் வெள்ளத்தைக் குளிர்காலத்தில் பிடித்து வைக்கிறது, கோடையில் வறளும் சேன் நதிக்குத் தண்ணீர் விடுகிறது.

இந்த வேறுபாடு பயணத் தேதியை முடிவு செய்யும். பன்னெசியேர் மே, ஜூனில் விளிம்பு வரை தளும்பும். செப்டம்பர் கடைசியில் போனால், 520 ஹெக்டேர் ஏரி பாரிஸுக்கு வேலை செய்து களைத்துப்போய் இருக்கும். கரையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் அகலமான சேற்றுப் பட்டையும் அதில் நாரைகளின் காலடித் தடங்களுமாகக் கிடக்கும். அதுவும் ஒரு காட்சிதான். ஆனால் படத்தைப் பார்த்து வந்தவருக்கு ஏமாற்றம். ஷோமெசோன் ஏரியில் குறித்த நாட்களில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். அன்று கீழே ஷலோ ஆற்றில் படகுக்காரர்கள் கூட்டம் அலைமோதும், மற்ற நாட்களில் ஆறு முழங்கால் அளவு.

தரை விஷயத்தில் மோர்வானை நான் முதலிடத்தில் வைக்கிறேன். கருங்கல் சிதைந்து உண்டான பருமணல் காட்டுப் பாதைகளில் பரவிக் கிடக்கிறது. மழை விட்டு ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். டயர் கரகரவென்று பிடிப்போடு போகும், களிமண் போல அப்பாது. மர லாரிகளுக்காகப் போட்ட அகலமான காட்டுப் பாதைகள் எக்கச்சக்கம். அந்த லாரிகளேதான் தொல்லையும். பழைய இலையுதிர் காட்டை மொட்டையடித்து டக்ளஸ் ஊசியிலை மரம் வரிசையாக நட்டிருக்கிறார்கள். அறுவடை நடக்கும் இடத்தில் இயந்திரச் சக்கரங்கள் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் பறித்து வைத்திருக்கும். கைபேசி வரைபடம் அதைச் சொல்லாது. உள்ளூர் மக்களும் இந்த மொட்டையடிப்பை எதிர்த்துக் குரல் எழுப்பிவருகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் அவர்கள் கோபம் புரியும்.

அவலோனிலிருந்து மத்தியதரைக் கடல் வரை நடு பிரான்சின் மலைகளைக் குறுக்காகக் கடக்கும் சுமார் 1,400 கிலோமீட்டர் மலைசைக்கிள் தடம் ஒன்று இந்தப் பகுதி வழியே போகிறது. அதன் அடையாளப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு வடக்குப் பகுதியை மட்டும் ஓட்டலாம். சில இடங்களில் கிராவல் சைக்கிளுக்குக் கரடுமுரடு அதிகம், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் மோர்வானைத் தனியாகப் பார்த்தால் அது மூன்றில் ஒன்று மட்டுமே. அதை முதலிடத்துக்குக் கொண்டுவருவது மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நிவெர்னே கால்வாய். ஓசேரிலிருந்து தெசீஸ் பக்கம் லுவார் ஆறு வரை 174 கிலோமீட்டர். இதையும் முதலில் நினைத்தது விறகுக்காகத்தான். சார்தி என்ற இடத்தில் 16 மதகுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் காட்டுக்குள் ஏறுகின்றன. சில காவலர் வீடுகளில் இப்போது கைவினைக் கலைஞர்கள் குடியிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் லா கொலான்செல் சுரங்கங்கள், மூன்று. படகு உள்ளே போகும், சைக்கிள் மேலே ஏறிப் போக வேண்டும். சுரங்க வாயில்களுக்கு நடுவே உள்ள வெட்டுப்பள்ளத்தை எட்டிப் பார்க்காமல் போகாதீர்கள். இருபுறமும் பாறைச் சுவரில் நீர் கசிந்து பெரணி தொங்கும், நடுக் கோடையிலும் அங்கே குளிரும். அடுத்து பை என்ற சிற்றூர். ஒரு பக்கம் கால்வாய், மறு பக்கம் பரந்த குளம், நடுவில் ஒரு மெல்லிய கரை மட்டும். இடப்பக்கத் தண்ணீர் அசையாமல் கிடக்கும்போது வலப்பக்கம் காற்றில் அலை அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த உச்சிப் பகுதிக்குத் தண்ணீர் வருவது யோன் வரத்துக்கால் வழியே. பன்னெசியேர் அணைக்குக் கீழிருந்து 25 கிலோமீட்டருக்கு மலைச்சரிவில் வளைந்து வருகிறது. இல்வேர்னைப் போல வறண்டதல்ல, இதில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. கால்வாயிலிருந்து அணையை நோக்கி ஓட்டும்போது, காய்ந்த இலை ஒன்று விழுந்தால் நாம் போகும் திசைக்கு எதிராக மெதுவாக நகர்ந்து போவதைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சரிவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. மொந்த்ரியொன் ஊரில் பள்ளத்தாக்கு குறுக்கிடுகிறது. அங்கே 33 மீட்டர் உயரம், 152 மீட்டர் நீளக் கல் வளைவுப் பாலம் ஒன்று கட்டி வரத்துக்காலை அதன் தலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். கீழே யோன் ஆறு இயற்கையாக ஓட, மேலே அதே ஆற்றின் தண்ணீர் தொட்டியில் போகிறது. மூன்று பகுதிகளிலும் சேர்த்து ஒரே ஒரு 25 கிலோமீட்டர்தான் ஓட்ட நேரம் இருக்கிறது என்றால் நான் காட்டுவது இதைத்தான்.

மில்வாஷ்: ஆளில்லாத உயரம்

லிமோஜ் நகருக்குக் கிழக்கே உள்ள மில்வாஷ் பீடபூமி மூன்றிலும் மிகத் தனிமையானது. வியென், வெசேர், க்ரேஸ் ஆறுகள் பிறக்கும் இடம். மிக உயர்ந்த மேடு மோன் பெசூ, ஆயிரம் மீட்டருக்குச் சற்றே குறைவு. ஆறு என்றால் இங்கே கரை புரளும் ஆறு அல்ல. வெசேர் பிறக்கும் லொன்ஜெரூ சதுப்பில் போய் நின்றால் காலுக்குக் கீழே கரி மண்ணில் நீர் ஊறும் சத்தம்தான் கேட்கும், ஓட்டம் கண்ணில் படாது. 250 ஹெக்டேர் பரப்பில் பழுப்புப் புல்லும் ஹெதர் புதரும். அதற்குள் சைக்கிளை இறக்காதீர்கள், ஓரப் பாதையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஏரி வேண்டுமென்றால் வசிவியேர். 1950-இல் மோல்த் ஆற்றில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை, ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர். விரல் விட்ட கரைக்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடைக்காது. கரையோரப் பாதை காட்டுக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும். நடுவில் ஒரு தீவு, அதற்கு ஒரு பாலம், தீவில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஆல்தோ ரோசி வடிவமைத்துக் கலங்கரை விளக்கம் போல நிற்கும் கலை மையம். 1991-இல் திறந்தது. சைக்கிள் பைத்தியங்களுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: 1990 டூர் த பிரான்ஸில் கிரெக் லெமோன்ட், முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையைக் கைப்பற்றியது இந்த ஏரிக்கரையில் நடந்த தனிநபர் நேரப் பந்தயத்தில்.

பீடபூமியின் சிற்றூர்களில் ஒன்று ஜான்தியூ. அங்கே முதல் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவுத்தூணில் வீரன் இல்லை. பெயர்ப் பட்டியலைப் பார்த்தபடி ஓர் அநாதைச் சிறுவன் முஷ்டியை உயர்த்தி நிற்கிறான். அடியில் ‘போர் நாசமாய்ப் போகட்டும்’ என்ற பொருளில் ஒரு வரி. பிரான்சின் ஆயிரக்கணக்கான நினைவுத்தூண்களில் இப்படிப் பேசுவது மிகச் சில. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு எதிரான காட்டுப் போராளிகள் வலுவாக இருந்த மண்ணும் இதுதான்.

தரையும் ஏற்றமும் மோர்வானைப் போன்றவை. அதே கருங்கல் மணல், அதே டக்ளஸ் மரங்கள், அதே லாரிப் பள்ளங்கள். ஏற்றங்கள் சற்று நீளம், இறக்கங்கள் சற்று மென்மை. ஆனால் கடை கிடையாது. கைபேசி அலை பல இடங்களில் கிடையாது. மழை மூன்று பகுதிகளிலும் பெய்யும், இங்கே நின்று பெய்யும். இரண்டு நாளுக்கான சாப்பாட்டைச் சுமந்து, யாரையும் எதிர்பார்க்காமல் ஓட்டத் தெரிந்தவருக்கு இதுவே முதல் தேர்வாகலாம். ஒரு முழு முற்பகலில் எதிரே ஒரு செந்நிற மாட்டு மந்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நண்பர்களை முதல் தடவை அங்கே அழைத்துப் போக மாட்டேன்.

மாதம், டயர், தண்ணீர்க் குழாய்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை மூன்றுக்கும் பொருந்தும். பகல் நீளம், ஏரி நிறைவு, பள்ளி விடுமுறைக் கூட்டம் இல்லை. ஆகஸ்டில் போனால் பிரிட்டனி பரவாயில்லை, வெயில் கடுமை குறைவு. கோடைக் கடைசியில் நீலப்பச்சைப் பாசி பெருகி ஏரியில் குளிக்கத் தடை போடுவது எங்கும் நடக்கிறது. கரையில் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். காட்டுப் பாதை முகப்பில் வேட்டை நடக்கிறது என்று பலகை வைத்திருந்தால் வாதாடாமல் வேறு வழி பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இது அதிகம். மோர்வானுக்கும் மில்வாஷுக்கும் இது பெரிய இடைஞ்சல், கால்வாய்க் கரைக்கு அவ்வளவாக இல்லை. இலையுதிர் காலம்தான் உங்களுக்கு வாய்த்த விடுமுறை என்றால் பிரிட்டனிக்கே போய்விடுங்கள்.

டயர் 40 மில்லிமீட்டர் பிரிட்டனிக்குத் தாராளம். மற்ற இரண்டுக்கும் 45 வைத்தால் மணிக்கட்டு நன்றி சொல்லும். முன்பக்கப் பல்சக்கரத்தைவிடப் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்குப் பற்கள் கூடுதலாக இருக்கட்டும். மோர்வானில் பை கட்டிக்கொண்டு ஏறும்போது அந்தக் கடைசி கியர்தான் சைக்கிளை விட்டு இறங்காமல் காப்பாற்றும். பெரணிப் புதரில் உட்கார்ந்து எழுந்தால் மாலையில் முழங்கால் மடிப்பை உண்ணிக்காகத் தேடிப் பாருங்கள், மூன்று இடத்திலும்.

கிராமத்துக் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரம் அடைத்திருக்கும், திங்கட்கிழமை பல திறக்கவே திறக்காது. ரொட்டிக் கடை மூடிப்போன ஊர்களில் காசு போட்டால் ரொட்டி தள்ளும் இயந்திரம் தெருமுனையில் நிற்பதுண்டு. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். சமாதிப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லா ஊரிலும் வாயிலுக்கு அருகே ஒரு குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாதது என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். இந்நாட்டில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் புட்டியை நிரப்புகிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

என் முடிவு

ஓட்டுகிறவர் புதியவர், கூடக் குழந்தைகள், அல்லது அக்டோபர் மாதம்: பிரிட்டனி, கரேயிலிருந்து கிழக்கு நோக்கி, குர்லெதானில் ஒரு நாள் தங்கி. தனிமைக்காகவே போகிறவர், கூடாரம் சுமக்கத் தயங்காதவர்: மில்வாஷ், எமூத்தியே ரயில் நிலையத்திலிருந்து தொடங்கி. மற்ற எல்லோருக்கும், அதாவது மே, ஜூனில் ஒரு வாரம் கிடைத்து, ஓரளவு ஏற்றம் ஏறத் தெரிந்த பெரும்பாலானவர்களுக்கு, மோர்வான். மற்ற இரண்டிலும் முதல் நாள் எப்படியோ ஐந்தாம் நாளும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கே மட்டும் மட்டமான பாதையும் மலையும் ஒரே சுற்றில் கிடைக்கின்றன.

சுற்றை எந்தப் பக்கம் தொடங்குவது என்பது முக்கியம். அவலோனில் இறங்கி நேரே ஏரிகளுக்கு ஏறுகிறவர்கள் முதல் நாளே தொடையைக் கொளுத்திக்கொள்கிறார்கள். பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்சிக்குப் போங்கள். அங்கிருந்து நிவெர்னே கால்வாய்க் கரையில் தெற்கே. மதகு மதகாகக் கால்வாய் உங்களை நூறு மீட்டருக்கு மேல் தூக்கிவிடும், உங்களுக்கே தெரியாது. சார்தி மதகுகள், சுரங்கப் பள்ளம், பை குளக்கரை. பிறகு யோன் வரத்துக்காலைப் பிடித்துப் பன்னெசியேர் வரை. அதற்குள் கால் பழகியிருக்கும். அங்கிருந்து செத்தோனுக்கு ஏறுங்கள், கரையில் முகாம் போடும் இடங்கள் இருக்கின்றன, ஏரியைச் சுற்றும் பாதை பதினைந்து கிலோமீட்டர் அளவில் ஒரு மாலைக்குச் சரி. அடுத்து வடக்கே சேன்-அஞான் ஏரி, காட்டு வழியே கார்ரே, நேரம் இருந்தால் வெஸ்லே குன்றின் மேல் உள்ள பழைய பேராலயம், கடைசியில் அவலோன்.

அவலோனிலிருந்து பாரிஸுக்கு நேரடி ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலவே. வட்டார ரயிலில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் தொங்கவிடும் கொக்கிகள் பெட்டிக்குச் சிலதான். ஞாயிறு மாலை அந்தக் கொக்கிகளுக்குப் பாரிஸ்காரர்கள் எல்லோரும் போட்டி போடுவார்கள். சனிக்கிழமையே திரும்பிவிடுங்கள், அல்லது ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்துக்கொண்டு திங்கள் முற்பகல் வண்டியில் ஏறுங்கள்.